சுபா டீச்சர் காருக்கு நான் எடுத்துக் கொடுத்த டயர்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் எங்கள் டயர் கடையின் வாட்சப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. தினம் ஒரு தேய்ந்த டயரின் படத்தைப் போட்டு, ‘கமலாக்கா, இது இன்னும் ஓடுமா?’ என்று யாராவது கேட்பார்கள். போன வாரம் வந்தது வேறு மாதிரி. ஒருவர் கைப்பேசியிலேயே நாலு டயரை வாங்கி, கட்டுப் பிரிக்காமல் கடையில் கொண்டுவந்து இறக்கினாராம். மாட்டிக் கொடுத்தால் போதும், பேச்சு வேண்டாம் என்றாராம். எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஐந்து நட்சத்திரம் வாங்கின டயர், எந்த ரோடாக இருந்தால் என்ன என்று சிரித்தாராம். கடையில் எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. நீங்கள் எப்படி ஆளுக்கு ஆள் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள், எழுதிப் போடுங்கள் அக்கா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. டயர் மாட்டிய கார் கடையை விட்டு இறங்கும்போது எல்லாரும் அடுத்த காரைப் பார்ப்பார்கள். நான் அந்தக் கார் முச்சந்தியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் மழை பிடித்தால் அன்றைக்கு யார் யாருக்கு என்ன டயர் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும், சோறு இறங்காது. ஈப்போவில் மழை பிடிக்காத சாயங்காலம் எத்தனை இருக்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். கல்யாணமாகி ஈப்போ வந்து, கல்லாவுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இந்தக் கடையில் சேர்ந்தேன். பணம் கட்ட வருகிறவர்கள் என்னிடம்தான் கடைசியாகக் கேட்பார்கள், ‘நல்ல டயர்தானேம்மா?’ என்று. எனக்குத் தெரியாது. தெரியாமல் தலையாட்டவும் பயம். அதனால் கல்லாவைப் பூட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். முதலாளி என்னைத் தடுக்கவில்லை. ஒருநாள் ஒரு பழைய டயரை என் பக்கம் உருட்டிவிட்டு, தொட்டுப் பார் என்றார். எனக்கு நடந்த பயிற்சி அவ்வளவுதான், மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துப் படிந்தது.

எங்கள் முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான சீனர். சட்டைப் பையில் வறுத்த கச்சாங் கடலை எப்போதும் இருக்கும். யோசிக்கும்போது ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டே இருப்பார், விஷயம் சிக்கலானால் கை நின்றுவிடும். வாடிக்கையாளர் எந்த டயர் கேட்டு வந்தாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘ஜாலான் மானா?’ எந்த ரோடு? சிலருக்குக் கோபம் வரும். தவுக்கே அசையமாட்டார். எந்த ரோடு, மழையில் போவாயா, பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டு முடிக்கும்வரை விலைப் பேச்சே கிடையாது.

பிறகு பழைய டயரைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்வார். புது டயர் எது என்பதைப் பழைய டயர்தான் சொல்லும் என்பது அவர் முறை. உள்ளங்கையை, ரோட்டைத் தொடும் டயர்ப்பூவின் மேல் வைத்து வெளிப்பக்கமிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவ வேண்டும். ஒரு பக்கம் வழவழப்பாக வந்து மறுபக்கம் கையை அறுத்தால் சக்கரம் கோணலாக ஓடியிருக்கிறது. நடுப்பூ தேய்ந்து இரண்டு ஓரமும் நின்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பூ நின்றால் காற்று கம்மி. அங்கங்கே குழி விழுந்திருந்தால் டயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அடியில் அதிர்ச்சியைத் தாங்கும் அப்சார்பர் போய்விட்டது. இதையெல்லாம் சரி பண்ணாமல் எவ்வளவு உசத்தியான டயர் போட்டாலும் அதையும் தின்றுவிடும். கடைசியாக டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் பார்ப்பார். பூ எவ்வளவு இருந்தாலும் வயசான ரப்பரை அவர் நம்பமாட்டார்.

இந்த வயசு விஷயத்தில் கமுந்திங் ஊர் பாய் ஒருவர் என்னோடு மல்லுக்கு நின்றார். தைப்பிங் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊர் ஈப்போ என்பதால் எங்கள் கடைக்கு வருவார். மற்றபடி அவர் கார் வீட்டுக்கும் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டும்தான் ஓடும். டயர்ப்பூ முழுசாக இருந்தது, பக்கமெல்லாம் பொடிப் பொடியாக வெடிப்பு. மாற்றுங்கள் என்றேன். “பூ அப்படியே இருக்கும்மா, இதையா தூக்கிப் போடச் சொல்றே?” என்று சிரித்துவிட்டுப் போனார். நான் அன்று முழுக்க அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா என்று தவித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, அவர் கடை வாசலில், வெயிலில் நின்ற இடத்திலேயே ஒரு டயர் வெடித்து, பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடினார்களாம். மறுநாள் ஒரு பொட்டலம் ஆட்டுக்கறியோடு வந்து நாலையும் மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு அவரைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

இப்படிச் சிரிக்க முடிகிற கதைகள் நிறைய உண்டு. நான் எழுத உட்கார்ந்தது சுபா டீச்சருக்காக.

அவர் ஈப்போவை ஒட்டி, மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் அப்பாவோடு இருந்தார். அம்மா தவறிவிட்டார், கூடப் பிறந்தவர்கள் இல்லை. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்து, தினமும் விடியற்காலையில் மலையேறி மத்தியானம் இறங்குவார். சின்னக் கார், ஆரஞ்சு நிறம். அந்த ரோடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், மத்தியானமானால் மழையும் பனிமூட்டமும், நடுவில் காய்கறி லாரிகள்.

அவரும் கைப்பேசியோடுதான் வந்தார். எங்கேயோ பனி பெய்கிற தேசத்துக்காரர்கள் எழுதிய பக்கத்தைக் காட்டி, சின்னக் காருக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்தான் நல்லதாம், பக்கவாட்டில் பனிப்பூ அடையாளம் இருக்க வேண்டுமாம் என்றார். கடையில் ஒருவர், கேமரன் மலையில் எப்போது பனி கொட்டப் போகிறது டீச்சர் என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலவே பயம், அதனால்தான் இவ்வளவு தேடியிருக்கிறது என்று தோன்றியது. உட்காரவைத்துச் சொன்னேன். பனிக்கென்று செய்த டயரின் ரப்பர் மெத்தென்று இருக்கும், நம் வெயிலில் சீக்கிரம் கரைந்துவிடும். நமக்குப் பருவம் இரண்டுதான், கொதிக்கிற தார்ரோடும் கொட்டுகிற மழையும், அதுவும் ஒரே மத்தியானத்தில் இரண்டும். அதற்கேற்றதைப் பார்ப்போம் என்றேன்.

அவர் பழைய டயர்கள் சீராகத்தான் தேய்ந்திருந்தன. கல்லூரியில் படிக்கும்போது நகரத்துக்குள் ஓட்டிய டயர்கள், வயசாகிவிட்டது, அவ்வளவுதான். மூன்று விதம் எடுத்து வைத்தேன். ஒன்று ரொம்பக் கெட்டி, வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் ஈரத்தில் சறுக்கும். ஒன்று ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பக்கம் இளசு, மலை வளைவில் கார் ஆடும். மூன்றாவதற்கு நடுவில் அகலமான வாய்க்கால்கள், தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் தள்ளிவிடும், பக்கமும் திடமாக நின்றது. தவுக்கே கச்சாங்கை மென்றுகொண்டே மூன்றாவதைக் காலால் தட்டினார். அதையே மாட்டினோம். காற்று எங்கே அடிப்பீர்கள் என்று கேட்டேன். அப்பா தோட்டத்தில் டிரக்டர் ஓட்டியவர், காற்று விஷயத்தைத் தினமும் காலையில் அவர் பார்த்துக்கொள்வார் என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. டயர் வாங்குகிறவர்கள் நூறு பேரில் காற்றைப் பார்க்கிறவர் யாராவது இருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

கிளம்பும்போது, “மழையில நிக்குமாக்கா?” என்று கேட்டார். நான் எப்போதும் மெதுவாகப் போங்கள் என்றுதான் பதில் சொல்வேன். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து, “நிக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு என்னைப் படுத்தியது.

மழைக்காலம் தொடங்கியதும் வந்தார். மழையில் ஸ்டீரிங் மெதுவாகக் கேட்பதுபோல இருக்கிறது, வளைவில் பின்பக்கம் இழுக்கிறது என்றார். காரைத் தூக்கிப் பார்த்தோம். அன்று நல்ல வெயில். காற்று நாலிலும் சரியாக இருந்தது. ஆனால் கையை வைத்தால் இரண்டு ஓரமும் லேசாகத் தேய்ந்து நடுப்பூ நிற்கிறது. காற்று கம்மியாக ஓடிய டயர் மாதிரி. காற்று அளவுகோல் கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை வைத்துப் பார்த்தோம், அதுவும் சரியென்றது. ஆட்களை ஏற்றுகிறீர்களா, சுமை ஏற்றுகிறீர்களா என்று கேட்டேன். நானும் என் பையும்தான் அக்கா என்றார். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு அனுப்பினோம்.

அடுத்த முறை பள்ளி விட்டு மழையோடு நேராகக் கடைக்கு வந்தார். அன்றைக்கு நாலு டயரிலும் காற்று கம்மி. கொஞ்சமில்லை, மூன்றில் ஒரு பங்கு குறைவு. நாலிலும் ஒரே அளவு. ஆணி குத்தினால் ஒன்றில் இறங்கும், நாலிலும் ஒன்றுபோல இறங்காது. தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம், ஒரு குமிழி இல்லை. வால்வுகளைச் சோப்புத் தண்ணீர் வைத்துச் சோதித்தோம், கசிவில்லை. வால்வு மூடிகளின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது, துரு என்று துடைத்துப் போட்டேன். தவுக்கே கேட்டார்: அப்படியென்றால் போன தடவை எப்படிச் சரியாக இருந்தது, ஓட்டை தானாகவா அடைந்துகொள்ளும்? அப்பா இன்றைக்கும் காலையில் பார்த்தாரே அக்கா என்றார் டீச்சர். தவுக்கேயின் கை கச்சாங் பைக்குள்ளேயே நின்றுவிட்டது. வால்வு நாலையும் மாற்றி, சரியான காற்றை வைத்து அனுப்பினோம்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, மலையிறங்கும் வளைவில் சுபா டீச்சரின் கார் சுழன்றுவிட்டது. நல்லகாலம், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் போய் உரசி நின்றது. பக்கக் கண்ணாடி உடைந்தது, கதவு நசுங்கியது. அவருக்கு ஒன்றுமில்லை. மறுநாள் கடையில் வந்து நின்றபோது அவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்த டயர், நான் நிற்கும் என்று சொன்ன டயர். தவுக்கே யோசிக்கவே இல்லை. இந்தச் சரக்கே பழுதாக இருக்கலாம் என்று நாலையும் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, வேறு கம்பெனியின் புது டயர்களைப் போட்டுக் கொடுத்தார். கொஞ்சநாள் மலையிலேயே யார் வீட்டிலாவது தங்கக் கூடாதா டீச்சர் என்று கேட்டேன். அப்பா தனியாக இருப்பார் அக்கா என்றார்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. மத்தியானம் ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்து கடைக்குள்ளேயே ஏறி நின்றது. நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. சுபா டீச்சரின் அப்பா மாரிமுத்து. வாசலில் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து என்னைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார். ஒத்தைப் பெண்ணை வளர்த்து மலைக்கு அனுப்புகிறேன், அவளுக்கு ஓட்டை டயரைத் தலையில் கட்டினாயா, அப்புறம் மாற்றிக் கொடுத்தால் ஆயிற்றா, போன உயிர் வருமா என்றார். அவர் கேட்டதெல்லாம் நான் ராத்திரி முழுக்க என்னையே கேட்டதுதான். டயரில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை அண்ணே, காற்றுதான் எப்படியோ இறங்குகிறது, வால்வைக்கூட மாற்றிப் பார்த்தோம் என்றேன்.

வால்வா, வால்வைப் பார்க்கத் தெரியுமா உங்களுக்கு என்று அவர் பக்கத்தில் நின்ற ஒரு காரின் அருகே குந்தினார். மூடியைத் திருகி எடுத்தார். விரலை நாக்கில் தொட்டு, எச்சிலை வால்வின் வாயில் வைத்துப் பார்த்தார். குமிழி வருகிறதா என்று பார்க்கத் தோட்டத்து டிரக்டர்காரர்கள் செய்வது அது. மூடியைத் திரும்ப மாட்டியபோது அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு வளையம் நின்றது.

நான் துரு என்று துடைத்துப் போட்டது அதைத்தான். காற்று சரியாக இருந்தது வெயில் நாளில், குறைந்திருந்தது மழை நாளில். மெதுவாகக் கேட்டேன், மழை நாளில் டீச்சர் காருக்கு எவ்வளவு காற்று வைப்பீர்கள் என்று.

“மழையில காத்தைக் கொறைக்கணும்லா,” என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. “தோட்டத்துச் செம்மண் சடக்குல மழை பேஞ்சா, டிரக்டருக்குக் காத்தை எறக்கித்தான் ஓட்டுவோம். டயரு பரந்து தரையைப் புடிச்சுக்கும். கெட்டி ரோட்டுக்கு வந்தா மறுபடி மிதிச்சு ஏத்திருவோம். எம் பொண்ணு காடிக்கும் அதான் செய்யறேன். வானம் கருத்தா அவ எந்திரிக்கிறதுக்குள்ள எறக்கிருவேன், வெயில் வந்தா ஏத்திருவேன்.”

“இன்னைக்கு?” என்று கேட்டது நானா தவுக்கேயா என்று ஞாபகமில்லை.

இன்றைக்கும் இறக்கினாராம். போன வியாழக்கிழமை பயந்துபோய்விட்டதால், புது டயர் என்பதால், இன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

தவுக்கே ஓரம் வைத்திருந்த சுபாவின் பழைய டயர் ஒன்றை உருட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினார். நான் நடுவிலிருந்த வாய்க்கால்களைக் காட்டினேன். மண்ணில் டயர் பரந்தால் கடித்துக்கொள்ளும் அண்ணே, தாரில் கடிக்க ஒன்றுமில்லை, தண்ணீரைத்தான் தள்ள வேண்டும், காற்று இறங்கினால் நடுப்பகுதி உள்ளே குழிந்து இந்த வாய்க்கால் வாயை மூடிக்கொள்ளும் என்றேன். மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் சக்கரத்தோடு இருந்த மனுஷன். இரண்டு கட்டைவிரலாலும் பூவை அமுக்கிப் பார்த்தார், தேய்ந்த ஓரத்தைத் தடவினார். “அப்பத் தண்ணி எங்கம்மா போகும்?” என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டு வெளியே பார்த்தார். மலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, மழை இறங்கிவிட்டது.

டீச்சரின் கைப்பேசிக்கு அடித்தோம், எடுக்கவில்லை. மலைரோட்டில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கு அடித்தால், டீச்சர் இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள். மாரிமுத்து மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார், தவுக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டு என் கையில் கால்பம்பையும் அளவுகோலையும் திணித்தார். நானும் மாரிமுத்து அண்ணனும் என் காரில் கிளம்பினோம்.

வழியில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “அப்ப அன்னைக்கு வளைவுல சுத்துனது…” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் வைப்பரை வேகப்படுத்தினேன்.

சிம்பாங் பூலாய் தாண்டி ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில் ஒரு பழக்கடைக் கொட்டகை உண்டு. அங்கே நிறுத்தினேன். மேலே போகலாம் என்று அவர் துடித்தார். இந்த மழையில் எதிரும் புதிருமாகக் கடந்து போனால் தெரியாது, இறங்குகிற எல்லா வண்டியும் இங்கே வந்துதான் ஆக வேண்டும் என்று பிடித்து வைத்தேன். நின்றோம். விளக்குப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக மழைக்குள்ளிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, லாரி. ஆரஞ்சு வரவில்லை.

ஒரு வேன் கொட்டகையில் ஒதுங்கியது. மேலே ரோடு எப்படி என்று கேட்டேன். ஒரு சின்னக் கார் ஓரத்து வாய்க்காலில் இறங்கிக் கிடக்கிறது, ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றார் ஓட்டுநர். என்ன நிறம் என்று கேட்டேன். மழையில் கவனிக்கவில்லை என்றார். திரும்பிப் பார்த்தால் மாரிமுத்து அண்ணன் அங்கே இல்லை. மலை ரோட்டில், கொட்டுகிற மழையில், குடையில்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்டேன், கேட்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியது அன்றைக்குத்தான். பிள்ளையாருக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது ஞாபகமில்லை.

முதல் வளைவில் ஒரு காய்கறி லாரி ஊர்ந்து வந்தது. நத்தை மாதிரி வந்தது. அதன் பின்னால், முந்த இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு, ஆரஞ்சுக் கார்.

வாய்க்காலில் இறங்கியது வேறு யாருடைய காரோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. மாரிமுத்து அண்ணன் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார். டீச்சர் பயந்துபோய் ஓரம் கட்டினார். என்னப்பா, என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு என்று இறங்கினார். அப்பாவைப் பதில் சொல்லவிடாமல் டீச்சரைக் காரை மெதுவாகக் கொட்டகைவரை உருட்டிவரச் செய்தேன், நாங்கள் பக்கத்திலேயே நடந்து வந்தோம். கொட்டகைக்குள் காரை நிறுத்தியதும் மாரிமுத்து அண்ணன் என் கையிலிருந்து பம்பை வாங்கினார். முன் டயருக்குக் குழாயை மாட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். உடம்பெல்லாம் ஈரம்.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “காலையிலதான் அடிச்சாரு, மறுபடியும் அடிக்கிறாரு பாருங்கக்கா. மழை நாள்னா விடியறதுக்கு முன்ன எனக்கு அந்த ஸ்ஸ்னு சத்தம் கேக்கும். அப்பா பாத்துட்டாரு, இனிப் பயமில்லன்னு கொஞ்சம் வெரட்டித்தான் ஓட்டுவேன். இன்னைக்குக்கூட மழை விட்டதும் போலாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாங்க. நாந்தான் அப்பா பாத்துருக்காருன்னு கெளம்பி வந்துட்டேன்.”

பம்பின் மேல் இருந்த கால் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, நானே சொல்லவும் தயாராக இருந்தேன். டயர் பழுது, வால்வு பழுது, எது வேண்டுமானாலும். மாரிமுத்து அண்ணன் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“அது அடிக்கிற சத்தமில்லம்மா,” என்றார். “எறக்குன சத்தம். மழை நாள்லல்லாம் நாந்தான் எறக்குனேன். அன்னைக்கும் நாந்தான்.”

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டீச்சர் டயரைப் பார்த்தார், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் சொருகி, அந்த ஈரத் தரையில் டயருக்குப் பக்கத்தில் குந்தினார்.

“மிதிங்கப்பா. எவ்வளவுன்னு நான் பாத்துச் சொல்றேன்.”

அவர் மிதித்தார். நான் அடுத்த டயரின் மூடியைக் கழற்றப் போனேன்.